கூடும் வேளை

மக்கள் ஒன்றுகூடி, ஆராய்ந்து, முடிவு காணுதல் நம் நாட்டில் நேற்று இன்று தோன்றிய வழக்கம் அன்று. ஊரவை கூடிய மண்டபங்களும், ஊரார் கூடிய ஆலமரத்தடிகளும் இன்றும் பல ஊர்களில் நிற்கின்றன. கூட்டம் ஒன்று நடைபெற வேண்டுமாயின் இடம், வேளை என்னும் இரண்டும் முன்னரே உறுதிப்பட வேண்டும். இவ்விரண்டனுள் இடமே பண்டு பெருந்தடையாக இருந்தது. ஆறு கடந்தும் மலை இறங்கியும் அவ்விடத்தை அடைய வேண்டும். வேளையைப் பற்றியோ எவரும் மிகக் கவலை கொண்டிலர். ‘பொழுது சாயக் கூடுவோம்’ என்றால் அதுவே போதுமானதாயிற்று. முன்னே வந்தவர் வெற்றிலை மென்றவாறு அமர்ந்திருப்பார்; பின்னே வந்தவர் அவர் அருகில் அமர்வார். மரத்தடி, காத்திருப்பவரை ஏற்றுக்கொள்ளும்.

காணொலிக் கூட்டத்தில் இந்நிலை தலைகீழாயிற்று. கணினித் திரையின் முன் அமர்ந்தவர், தொலைவில் உள்ளாரைக் கண்டும் கேட்டும் உரையாடுகின்றார். இடம் என்னும் தடை நீங்கிவிட்டது. அதன் சுமை முழுவதும் வேளையின் தலைமேல் ஏறிற்று. அரைமணி முன்னே வந்தவர் வெறுந்திரையைக் காண்பார். கூட்டம் இல்லை போலும் என்று எழுந்து போவார். அரைமணி பின்னே வந்தவருக்கு அங்குக் கூட்டம் நடந்ததற்கான அடையாளமும் இராது. ஆகவே, பலரும் ஒரே கணத்தில் வந்து சேருமாறு வேளை குறிப்பது எங்ஙனம் என்பதே இக்கருவியைப் பயன்படுத்துவோர் முதற்கண் அறிய வேண்டுவதாகும்.

தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் அடிவாரத்தில் லோயர் கேம்ப் என்னும் சிற்றூர் உள்ளது. கீழ்முகாம் என்பதே அப்பெயரின் பொருள். பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் தலைமையில் 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்து, பெருங்குழாய்களில் இறங்கி, இவ்வூரில் உள்ள மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழற்றுகின்றது. 1958ஆம் ஆண்டு முதல் இங்கு மின்சாரம் எடுக்கப்படுகின்றது. சுழலியைச் சுழற்றிய நீர் வீணாவதில்லை. அதுவே பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்து, பின் வைகையைச் சேர்கின்றது. அணையில் நீர் போதிய அளவு இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 1ஆம் நாள் முதற்போகத்திற்கு நீர் திறத்தல் மரபு. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்நீரை எதிர்நோக்கி இருக்கின்றது.

இங்குள்ள அலுவலகம் ஒன்று மே மாதத்தில் இயந்திரப் பழுது பற்றிக் கலந்து பேச வேண்டியிருப்பதாகக் கொள்வோம். ஒருவர் லோயர் கேம்பில் இருக்கின்றார். மேலதிகாரி சென்னையில் இருக்கின்றார். இயந்திர வல்லுநர் இலண்டனில் இருக்கின்றார். நீர் திறக்கும் நாளுக்கு முன்னே வேலை முடிய வேண்டும். சென்னைக்கோ ஓரிரவுப் பயணம்; இலண்டனைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே, ‘பிற்பகல் மூன்று மணிக்குக் காணொலியில் கூடுவோம்’ என்று முடிவாகின்றது. எவருடைய மூன்று மணி? வினா இங்கேதான் பிறக்கின்றது.

கதிரவனைக் கொண்டு பொழுதளந்த காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி உச்சிப்பொழுது இருந்தது. பகலும் இரவும் கூடிய ஒரு நாளை அறுபது நாழிகையாக வகுத்தனர் நம் முன்னோர். ஒரு நாழிகை 24 நிமிடம் ஆகும். சிறுதுளை வழியே ஒழுகும் நீரைக் கொண்டு நாழிகை அளக்கும் வட்டிலும், அதனைப் பார்த்து வேந்தனுக்குப் பொழுது அறிவிக்கும் மாக்களும் முல்லைப்பாட்டில் இடம்பெறுதலைப் பின்னர் மேல்வகுப்பில் பயில்வீர்கள். பாசறையில் இருந்தார் அனைவர்க்கும் அந்த ஒரு வட்டிலே போதும். பாசறைக்கு வெளியே இருப்பவனுக்கு அதனால் பயன் இல்லை.

இன்று நம் கடிகாரங்கள் காட்டும் இந்தியப் பொதுநேரம், கிழக்கு நெடுங்கோடு 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. லோயர் கேம்ப் அக்கோட்டிற்கு மேற்கே ஏறத்தாழ ஐந்தேகால் பாகை தள்ளி உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. ஆதலின், கடிகாரம் பன்னிரண்டு காட்டிய பின்னரும் ஏறத்தாழ 21 நிமிடம் கழித்தே, சராசரியாக, கதிரவன் அவ்வூரின் உச்சிக்கு வருகின்றான். ஐயமுடையோர் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் மிகக் குறுகும் வேளையைக் குறித்துப் பார்க்கலாம். ஆண்டின் போக்கில் அவ்வேளை பல நிமிடம் கூடியும் குறைந்தும் வருமாயினும் உண்மை புலப்படும்.

இப்பொதுநேரம் எளிதில் வந்ததன்று. சென்னையில் 1792ஆம் ஆண்டில் அமைந்த வானாய்வு நிலையத்தில் கோல்டிங்காம் என்பார் 1802ஆம் ஆண்டில் அந்நகரின் நெடுங்கோட்டைக் கணித்தார். அதனை ஒட்டிய சென்னை நேரத்தையே பின்னர் இந்திய இருப்புப்பாதைகள் பின்பற்றின. அவ்வானாய்வுப் பணி 1899ஆம் ஆண்டில், தேனிச் சீமைக்கு அண்மையில் உள்ள கொடைக்கானல் மலைக்கு மாறியது. கிரீன்விச்சு நேரத்தினும் ஐந்தரை மணி முந்திய பொதுநேரம் 1906 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எனினும், கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தன் ஊர்க் கடிகாரமே மெய் என்னும் பற்று மனிதரிடம் அவ்வளவு வலிது!

மின்னஞ்சலோடு இணைந்த நாட்காட்டி இச்சிக்கலை நயமாகத் தீர்க்கின்றது. கூட்டத்தைக் கூட்டுபவர் தம் நாட்காட்டியில் நாளையும் வேளையையும் தேர்ந்து, அழைக்கப்படுவோரின் மின்னஞ்சல் முகவரிகளை எழுதி, காணொலி அறைக்குச் செல்லும் இணைப்பையும் சேர்த்து அனுப்புகின்றார். பார்வைக்கு அது கடிதம் போலத் தோன்றும். அதனுள்ளே கணினிகள் மட்டும் படித்துக்கொள்ளும் சிறு குறிப்பொன்று பொதிந்திருக்கின்றது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த நாட்காட்டிகளும் இதனைப் படிக்குமாறு ‘ஐகேலண்டர்’ என்னும் பொதுமுறை 1998ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. 2009இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. இத்தகைய அஞ்சல், நாட்காட்டி, காணொலி மென்பொருள்களை ஆக்கும் சோகோ நிறுவனத்தின் அலுவலகம் ஒன்று தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில், இதே மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கின்றது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. கணினித் தொழில் பெருநகரங்களுக்கே உரியது என்பது பழங்கதை.

அக்குறிப்பில் வேளையானது நேர மண்டலத்தின் பெயருடனோ, உலகப் பொதுநேரத்திலோ எழுதப்படுகின்றது. நம்முடைய பிற்பகல் மூன்று மணி, உலகப் பொதுநேரத்தில் முற்பகல் ஒன்பதரை ஆகும். பெறுகின்ற கணினி அதனைத் தன் ஊர் நேரத்திற்கு மாற்றிக் காட்டுகின்றது. சென்னையிலும் லோயர் கேம்பிலும் அது மூன்று மணி. மே மாதத்து இலண்டனில் முற்பகல் பத்தரை. இலண்டன் மாநகரில் மார்ச்சு மாதத்துக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி, அக்டோபர் மாதத்துக் கடைசி ஞாயிறன்று பின்னிழுப்பர். அதனால், நம் மூன்று மணி அங்குக் குளிர்காலத்தில் ஒன்பதரையாகவும் கோடையில் பத்தரையாகவும் இருக்கும். வாரந்தோறும் நிகழும் கூட்டத்தை இலண்டன் நேரப்படி ஒன்பதரைக்கு என்று குறித்துவிட்டாலோ, குளிர்காலத்தில் மூன்று மணிக்கு வந்த நாம் கோடையில் இரண்டு மணிக்கே வர வேண்டும். ஆகவே, மீண்டும் மீண்டும் நிகழும் கூட்டத்திற்கு எவ்வூர் நேரம் அடிப்படை என்பதை முதலிலேயே தெளிதல் வேண்டும். நம் நாட்டிற்குரிய மண்டலம் பல பட்டியல்களில் ‘ஆசியா, கொல்கத்தா’ என்று காணப்படும். தேனியை அங்குத் தேடி அலைய வேண்டா.

வேளையைத் தேர்வதற்கும் நாட்காட்டி துணை செய்கின்றது. ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்களாயின், மற்றவர் எந்த மணியில் ஓய்வாக இருக்கின்றார், எந்த மணியில் வேறு பணி உடையார் என்பதை அது கட்டங்களாகக் காட்டும். அப்பணி இன்னது என்று பெரும்பாலும் காட்டாது. பிறர் அலுவலை ஒற்றறியாமல் அவர் ஓய்வை மட்டும் அறிதல் நாகரிகமான ஏற்பாடே.

அழைப்பு வந்து சேர்ந்த பின்னர் நிகழ வேண்டியதனைப் பலரும் புறக்கணிக்கின்றனர். ஏற்கின்றேன், ஒருவேளை வருவேன், வர இயலாது என்னும் மூன்று விடைகளுள் ஒன்றை அழுத்துமாறு அழைப்பிலேயே இடம் இருக்கும். நம் ஊர்களில் திருமண அழைப்புக்கு வருபவர் தாம்பூலத் தட்டை நீட்டுவார். அதனைக் கைநீட்டி வாங்குதல் வருவதாக ஒப்புக்கொள்வதே ஆகும். வாங்காமலும் மறுக்காமலும் நின்றால் அழைத்தவர் என் செய்வார்? இலைக்கு எத்தனை பேர் என்று சமையற்காரருக்கு எங்ஙனம் சொல்வார்? விடையளிக்காத அழைப்பும் அத்தகையதே. விடை அழுத்தப்பட்டவுடன் அது கூட்டுபவரின் நாட்காட்டிக்குத் தானே சென்று, இன்னார் வருவார், இன்னார் வாரார் என்று பதிந்துவிடும். சென்னை அதிகாரி வர இயலாது என்று திங்களன்றே அறிந்தால், வியாழக்கிழமைக் கூட்டத்தை வெள்ளிக்கு மாற்றலாம். வியாழனன்று மூன்று மணிக்கு அறிந்தால் ஒரு வாரமே போய்விடும். மே மாதத்து ஒரு வாரம் எத்தகையது என்பதை வயலுடையவர் அறிவர்.

மாற்றும்போது ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வோர் அழைப்பிற்கும் வேறு எதற்கும் இல்லாத அடையாளக் குறி ஒன்று உள்ளே இருக்கின்றது. கூட்டுபவர் பழைய பதிவைத் திறந்து வேளையைத் திருத்தி அனுப்பினால், குறி மாறாது. திருத்த எண் மட்டும் ஒன்று கூடும். பெறுபவரின் நாட்காட்டி அக்குறியைக் கண்டு, பழைய வேளையை நீக்கிப் புதிய வேளையை அவ்விடத்தில் வைக்கும். அவ்வாறு செய்யாமல், பழையதை அப்படியே விட்டுப் புதியதோர் அழைப்பை அனுப்புவார் சிலர். அப்போது குறி இரண்டு, பதிவு இரண்டு, காணொலி அறையும் பெரும்பாலும் இரண்டு. நாள் ஒன்றேயாகி வேளை சிறிதே மாறியிருக்குமாயின், பாதிப்பேர் ஓர் அறையில் நுழைவர், பாதிப்பேர் மற்றோர் அறையில் நுழைவர். இரு சாராரும் மற்றவர் காலந்தாழ்த்துவதாக எண்ணி முகம் சுளித்துக் காத்திருப்பர். சத்திரத்தின் இரு வாயில்களிலும் நின்று ஒருவரையொருவர் எதிர்பார்த்த சம்பந்திகளின் கதைதான் இது. அலுவலகங்களில் இது கதையன்று, அடிக்கடி நிகழ்வது.

நாட்காட்டியின் ஆற்றல் இவ்வளவும், அதில் முகவரி எழுதப்பெற்றவர்க்கே உரியது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றின்போது, தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவற்றில் உழவர் குறைதீர் கூட்டம் காணொலி வாயிலாக நடத்தப்பெற்றது. மாவட்ட ஆட்சியர் தம் அலுவலகத்தில் அமர்ந்திருக்க, உழவர்கள் தத்தம் வட்டார வேளாண்மை அலுவலகத்திற்குச் சென்று அங்குள்ள திரையின் முன்னே குறை கூறினர். இத்தகைய கூட்டத்திற்கு அழைப்பு அதிகாரியின் மின்னஞ்சலுக்கே செல்லும். உழவருக்கோ செய்தி வாய்வழியாகவும் தொலைபேசி வழியாகவும் வரும். கூட்டம் பத்தரையிலிருந்து மூன்றுக்கு மாறினால், அதிகாரியின் நாட்காட்டி கணத்தில் திருந்திவிடும். மடைநீர் கிடைக்கவில்லை என்று சொல்லக் காலைப் பேருந்தில் புறப்பட்டவரின் மனத்தில் இருக்கும் வேளை திருந்தாது.

கூட்டத்தைக் கைவிடும்போதும் இப்படியே. கூட்டுபவர் பதிவை நீக்கினால், நீக்கச் செய்தி அதே அடையாளக் குறியுடன் எல்லோருக்கும் சென்று, அவரவர் நாட்காட்டியில் அவ்வேளையை வெறுமையாக்கும். அலுவலகச் சுவரில் தொங்கும் தாள் நாட்காட்டியில் பென்சிலால் குறித்துக்கொண்டவருக்கும், குறித்துக்கொள்ளாமல் நினைவில் வைத்திருப்பவருக்கும், யாரேனும் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொல்லியாக வேண்டும்.