கான்கிரீட் மூடுமுன் பாருங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டுக் கிடங்குகளைப் பற்றிக் கேட்டால், "இத்தனை மழை பார்த்துவிட்டது, இனி என்ன?" என்பார்கள். மழை வேறு. வெட்டுக்கல்லும் சுண்ணாம்புமாய் எழுப்பிய சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். நிலநடுக்கமோ அதைப் பக்கவாட்டில் ஆட்டும். அந்த ஆட்டத்துக்கு அது பழகவில்லை.

கொச்சியில் நிலநடுக்கமா? 2000 டிசம்பர் 12-ல் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 5.0 அளவில் நிலம் அதிர்ந்தது. மறு மாதமே 4.8 அளவில் இன்னொன்று. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893-ன் 2016 பதிப்பு கேரளம் முழுவதையும் மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வைத்தது. அந்தப் பதிப்பில் அகமதாபாத்தும் அதே மண்டலம்தான். 2001 ஜனவரி 26-ல் நிலம் குலுங்கியது கட்ச் பக்கம். 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன.

சரிந்தவற்றில் பல, கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டவை. மேலே சுவர்கள் சேர்ந்து பெட்டி போல விறைத்து நிற்கும், கீழே வெறும் பில்லர். ஆட்டம் மொத்தமும் அந்த ஒரு தளத்தில் குவியும். அகமதாபாத்தில் ஆற்று வண்டல் மண்ணும் அதிர்வைப் பெருக்கியது. கொச்சியின் அடியில் இருப்பதும் இளகிய களிமண்தான். கீழ்த்தளத்தைத் திறந்துதான் விட வேண்டுமென்றால் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவர் (ஷியர் வால்) போன்ற ஏற்பாடு தேவை.

உயிரைக் காப்பது பெரும்பாலும் சின்ன விஷயம். பில்லரின் ரிங் கம்பியின் முனை 135 பாகையில் உள்ளே மடிய வேண்டும் என்கிறது ஐ.எஸ். 13920 தரநிலை. வேலை சீக்கிரம் முடிய 90 பாகையில் மடித்துவிட்டால், குலுக்கலில் வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் திறந்துகொள்ளும்; உள்ளே உள்ள கம்பிகள் வெளியே பிதுங்கும். கான்கிரீட் போட்ட பிறகு இதை யாரும் பார்க்க முடியாது.

பழைய கட்டடத்துக்கும் வழி உண்டு. லிண்டல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுவர்களைச் சுற்றிப் பெல்ட் கட்டலாம், உத்தரங்களைச் சுவரோடு பிணைக்கலாம். கிடங்கைக் கஃபே ஆக்குகிறேன் என்று சுவரை இடித்து அகல வாசல் வைப்பவர்கள்தான் என்னைப் பயமுறுத்துகிறார்கள். பொறியாளரைக் கேட்காமல் ஒரு கல்லையும் எடுக்கக் கூடாது.

இனி உரிமை. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேட்டுப் பெற வீடு வாங்குபவருக்கு உரிமை உண்டு. சாவி கைக்கு வந்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்து புகார் செய்தால், கட்டியவர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும். புகாரைக் கேரள ரெரா ஆணையத்திடம் கொடுக்கலாம். வைட்டிலாவில் சந்தர் குஞ்ச் ராணுவக் குடியிருப்பின் பழுதான 2 கோபுரங்களை இடித்துத் திரும்பக் கட்டித்தரும்படி 2025 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. காரணம் நிலநடுக்கமல்ல, பலவீனமான கான்கிரீட். நிற்கும்போதே பலவீனமானது குலுங்கும்போது என்னவாகும்?

வாடகைதாரர்களின் நிலை சிக்கலானது. புகார் சொன்னால் காலிசெய்யச் சொல்வார்களோ என்ற பயம். இடித்துக் கட்டுவதாகச் சொல்லி உரிமையாளர் வெளியேற்றினால், புதிய கட்டடத்தில் இடம் பெறும் முதல் உரிமையை 1965-ம் ஆண்டுக் கேரள வாடகைச் சட்டம் வாடகைதாரருக்கே தருகிறது. விரிசலைத் தேதியோடு படமெடுத்து மாநகராட்சிக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாள் கெடு.

சேதத்துக்குக் காப்பீடும் உண்டு: 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கமும் அடங்கும்.

புது வீடு கட்டுகிறீர்களா? பில்லருக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் போய் நில்லுங்கள். ரிங் மடிப்பைக் காட்டச் சொல்லிப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி முகம் சுளித்தாலும் பரவாயில்லை.