பட்டாசுச் சட்டமும் பரிசீலனையும்

தீபாவளி வைகறையில் எண்ணெய் தேய்த்து நீராடியதும், இறம்பொடைத் தோட்டங்களில் சிறுவர் சீனவெடி கொளுத்துவது வழக்கம். ஆங்கு லயக் காம்பராக்கள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்துள்ளன. ஒன்றில் விழும் பொறி வரிசை முழுவதையும் எரித்துவிடக்கூடும். ஆதலின் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. அஃது எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதே வினா.

இலங்கையில் வெடிபொருட்கள் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்துக்கு உட்பட்டவை. பட்டாசு விற்போர் அதன்படி அனுமதிப்பத்திரம் பெறுதல் வேண்டும். இதற்கு மேலும் விதிகள் வகுக்கப்படுமாயின், வெடிக்கும் இடம், நேரம், மேற்பார்வை ஆகியவை முன்னரே ஆராயப்படுதல் நன்று.

அயல்நாட்டு அனுபவம் இதனை உணர்த்துகின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 ஒக்டோபர் 23 இல், தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் எனக் கட்டளையிட்டது. தமிழரோ விடியலில் கொண்டாடுபவர். தமிழ்நாட்டரசு முறையிடவே, இரண்டு மணி என்னும் அளவு மாறாமல், நேரத்தை மாநிலமே வகுத்துக்கொள்ள ஒரு வாரத்துள் இசைவு கிடைத்தது. அவ்வாண்டு காலை 6 முதல் 7 வரையும், மாலை 7 முதல் 8 வரையும் குறிக்கப்பட்டன.

ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றமோ சட்டமூலத்தை முதலிற் குழுவொன்றிடம் ஒப்படைத்து ஆராய்ந்தது. 2022 ஜூன் 29 இல் நிறைவேறிய அச்சட்டம், பட்டாசு வெடிக்கத்தக்க நாட்களுள் தீபாவளியையும் சேர்த்தது.

இத்தகைய பரிசீலனை வீண் தாமதமன்று. லயத்துக் கூரையின் ஆபத்தும் வைகறை வழக்கமும் ஒருங்கே எண்ணப்பட்டால், மக்கள் அச்சட்டத்தை மனமுவந்து பேணுவர்.