கடலடியில் உறைந்த வாயு

திருப்பூர் காதர்பேட்டைக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் லாரிகளின் டீசலும், பனியன் கம்பெனிகளுக்கு மின்சாரம் தரும் அனல் நிலையங்களின் நிலக்கரியும் எரிந்து எழுப்பும் கரியமில வாயு, உலகத்தின் மற்ற ஊர்களினின்று எழும் புகையோடு கலந்து சூரிய உஷ்ணத்தைப் பிடித்து வைக்கிறது. அவ்வாறு மிகுந்த உஷ்ணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சமுத்திரத்திலேயே போய்ச் சேர்கிறது. அந்த உஷ்ணம் ஆழ்கடலின் அடியில் உறைந்து கிடக்கும் மீத்தேன் வாயுவைத் திடீரென்று கிளப்பிவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் பல ஆண்டுகளாகவே பேசப்பட்டு வருகிறது. அச்சம் நியாயமானது, ஆனால் ஆபத்தின் உருவம் அதில் பிழையாக வரையப்பட்டிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம்.

நொய்யல் காவிரியில் கலக்கிறது, காவிரி வங்கக் கடலில் கலக்கிறது. அணைகள் எழும்பாத யுகங்களில் இத்தகைய ஆறுகள் சுமந்து சென்ற வண்டலோடு சருகும் வேரும் கடலடியில் புதைந்தன. பிராணவாயு இல்லாத அந்த இருட்டில் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மீத்தேனை உண்டாக்கின. மேலே நிற்கும் நீரின் அழுத்தமும் ஆழத்தின் குளிரும் ஒன்றுகூடுகிற இடத்தில், நீரின் அணுத்திரள்கள் கூண்டுபோல் அமைந்து அந்த வாயுவைத் தமக்குள் அடைத்துக்கொண்டு பனிக்கட்டியாக இறுகுகின்றன. மீத்தேன் ஹைட்ரேட் எனப்படுவது இதுவே. தீக்குச்சி வைத்தால் எரியும் இந்தப் பனியின் ஒரு கன மீட்டரில், மேற்பரப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 164 கன மீட்டராக விரியும் வாயு அடங்கியிருக்கிறது.

இது நம் கடலில் இருப்பதை நேரில் நிரூபித்தது 2006-ஆம் ஆண்டின் தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டப் பயணம். ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்னும் துளையிடும் கப்பல் ஏறக்குறைய நான்கு மாதம் சுற்றி 21 இடங்களில் ஆராய்ந்தபோது, கிருஷ்ணா–கோதாவரி முகத்துக்கு அப்பால், சுமார் 1,000 மீட்டர் நீருக்கடியில், களிமண்ணின் வெடிப்புகளிலெல்லாம் ஹைட்ரேட் நிறைந்த 128 மீட்டர் தடிப்புள்ள படுகை ஒன்று அகப்பட்டது. அந்தமானுக்கு அருகிலோ, எரிமலைச் சாம்பல் அடுக்குகளில், கடலடித் தரைக்கும் கீழே 600 மீட்டர் ஆழம்வரை அது பரவியிருந்தது. 2015-இல் ஜப்பானின் சிக்யூ கப்பல் அதே கிருஷ்ணா–கோதாவரிக் கடலில் மணற்படுகைகளிலும் அதைக் கண்டது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், 6,000 மீட்டர் ஆழம்வரை இயங்கவல்ல ரோசப் என்னும் ஆளில்லா நீர்மூழ்கியை உருவாக்கியதற்கு இந்தத் தேடலும் ஒரு காரணம்.

இனி உஷ்ணத்துக்கு வருவோம். வெயிலில் அடுக்கிய பஞ்சுப் பொதிகளில் வெளிப்பொதி கொதிக்கும்போதும் நடுப்பொதி குளிர்ந்தே இருப்பதுபோல, கடலடிச் சேற்றிலும் உஷ்ணம் மிக மெதுவாகவே இறங்குகிறது. 100 மீட்டர் வண்டலைக் கடக்க ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. ஆழம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்கு. பூமியின் உள்வெப்பத்தால், ஆழ்கடலின் ஹைட்ரேட் படுகையில் முதலில் நிலைகுலையக்கூடிய இடம் அதன் அடிப்பாகம். கிருஷ்ணா–கோதாவரிப் படுகையில் அது தரைக்குக் கீழே சுமார் 160 மீட்டரில் இருப்பதால், இன்றைய சூடு அங்கே எட்டுவதற்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செல்லும். போதாக்குறைக்கு, உருகும் ஹைட்ரேட் தானே சுற்றுப்புறத்தின் வெப்பத்தை உறிஞ்சி அந்த உருகலைத் தாமதப்படுத்துகிறது. உயரும் கடல்மட்டம் அழுத்தத்தைக் கூட்டி அதை ஸ்திரப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் ஓரிரு மீட்டர் உயர்வு தரும் அழுத்தம், வெப்பத்தின் எதிரே அற்பமானது.

அப்படியே விடுபட்டாலும் அந்த மீத்தேன் ஆகாயத்தை அடைவது அரிது. சேற்றுக்குள்ளேயே கந்தகச் சேர்மங்களைக் கொண்டு அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றைத் தப்பிய குமிழிகள் ஏறும் வழியில் நீரில் கரைய, அங்கே வேறு பாக்டீரியாக்கள் அவற்றை உண்டு கரியமில வாயுவாக மாற்றுகின்றன. ஆகவேதான் தட்பவெப்ப மாறுதலுக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் (ஐ.பி.சி.சி.) 2021 அறிக்கை, இந்த நூற்றாண்டில் ஹைட்ரேட்டுகளால் வாயு வெளியேற்றத்தின் போக்கில் புலப்படத்தக்க மாறுதல் நேர்வது மிகவும் அரிது என்று மதிப்பிட்டது. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தை அடுத்த கடலடியில் 2008-இல் நூற்றுக்கணக்கான குமிழித் தாரைகளைக் கண்டு உலகம் திகைத்ததும், பிறகு அங்கே கிடைத்த சுண்ணப்பாறைகள் அந்தக் கசிவு ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுடையது என்று காட்டியதும் இங்கே நினைக்கத் தக்கவை. நம் கிருஷ்ணா–கோதாவரிக் கடலிலும் கோவா தேசிய சமுத்திரவியல் கழகத்தார் அத்தகைய சுண்ணப்பாறைகளையும், மீத்தேன் கசிவை அண்டி வாழ்ந்த பூர்வகாலச் சிப்பிகளின் ஓடுகளையும் எடுத்திருக்கிறார்கள்.

மெதுவாக வருவதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. பாக்டீரியா மீத்தேனை உண்ணும்போது நீரிலுள்ள பிராணவாயுவையும் தீர்க்கிறது, நீரின் அமிலத்தன்மையையும் கூட்டுகிறது. வங்கக் கடலின் நடு ஆழமோ இப்பொழுதே பிராணவாயு மிகக் குன்றிய பிரதேசம். சேற்றுக்குள் ஒருமுறை இறங்கத் தொடங்கிய சூட்டை, மேலே நாம் புகையை நிறுத்திய மறுநாளே திரும்ப அழைத்துக்கொள்ளவும் முடியாது. வானத்தைவிட முதலில் துன்புறப்போவது கடலே என்பதை ஹைட்ரேட்டிலிருந்து வாயு எடுக்கத் திட்டமிடுவோர் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆழ்கடற்படுகைகளுக்கு முன்பே அசையக்கூடிய ஹைட்ரேட், நம் கடலின் கண்டச்சரிவில் அதன் மேல்விளிம்பான சுமார் 600, 700 மீட்டர் ஆழத்தில் இருப்பது; அங்கே புதைவு ஆழமில்லாததால் நீரின் சூடு விரைவில் எட்டும். வங்கக் கடலில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுத்தியிருக்கும் மிதவைகளின் உஷ்ணமானிகள் 500 மீட்டர்வரைதான் இறங்குகின்றன. 2,000 மீட்டர்வரை மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகளோ நீரோட்டத்தோடு இடம் மாறிக்கொண்டிருப்பவை. அந்தச் சரிவின் தரையிலேயே நிலையாக ஊன்றி, பல பத்தாண்டுகள் தொடர்ந்து உஷ்ணத்தைக் குறித்துவரும் கருவிகளுக்கு, துளையிடும் கப்பல்களுக்குச் செலவிட்டதில் ஒரு சிறு பங்கைச் செலவிட்டாலும் போதும்.