தோட்டத்து நினைவுகளைப் படம் பிடிப்போம், முறையாக!

தீபாவளிக்கு ஈப்போவுக்குத் திரும்பும் பேரப்பிள்ளைகள், சாப்பாடு முடிந்த கையோடு கைப்பேசியை எடுத்து, “பாட்டி, தோட்டத்துக் கதை ஏதாவது சொல்லுங்க” என்று கேட்பது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தப் பதிவை ஓராண்டு கழித்துப் போட்டுப் பார்க்கும்போதுதான் குறை தெரிகிறது. பின்னால் சன்னல் இருந்ததால் பாட்டியின் முகம் கறுத்துப் போயிருக்கும். மேலே சுழன்ற மின்விசிறி அவரது குரலைப் பாதி விழுங்கியிருக்கும். அதற்குள் பாட்டி காலமாகியிருந்தால் மீண்டும் எடுக்க வழி ஏது?

திருமணப் படம் கெட்டுப்போனால் உறவினர் எடுத்த படமாவது இருக்கும். தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி, லயத்தில் குடும்பம் நடத்திய ஒருவரின் வாய்மொழி ஒரே ஒரு பிரதிதான். பேராக் மாநிலத்தில் அந்தத் தலைமுறை வேகமாகக் குறைந்து வருகிறது.

ரப்பர் நம் நாட்டில் வேர்விட்ட கதையே பேராக்கோடு பின்னிப் பிணைந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த நாற்றுகளில் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டவர் அன்றைய பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ. பின்னர் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு உழைக்கத் தமிழகத்திலிருந்து குடும்பங்கள் வந்தன. மலாயா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. எஞ்சியவற்றிலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் தொழிற்சாலையும் தாமானும் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் புந்தோங், சுங்கை சிப்புட், பத்து காஜா என்று பட்டணத்தோரங்களுக்குப் பெயர்ந்தார்கள். பெரட்டுக் களம் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் பல இடங்களில் செம்பனை மரத்தைத்தான் காட்ட முடியும். எனவே இன்று படம் பிடிக்க மிச்சமிருப்பது பெரும்பாலும் மனிதர்களின் முகமும் குரலும்தான்.

முதலில் குரல். படம் சற்றே மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சுப் புரியாவிட்டால் இரண்டே நிமிடத்தில் எழுந்து போய்விடுவார். தொலைக்காட்சித் துறைக்கு வருபவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் இது. வீட்டில் படம் எடுப்பவர்கள் கடைசியாகக் கவனிப்பதும் இதைத்தான்.

ஒலியின் இயல்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பேசுபவரிடமிருந்து மைக் இருக்கும் தூரம் இரு மடங்கானால், குரலின் வலு நான்கில் ஒரு பங்காகக் குறையும். அறையின் இரைச்சலோ குறைவதில்லை. ஆறடி தள்ளி நின்று எடுக்கும்போது பாட்டியின் குரல் தேய்ந்து மின்விசிறி மேலோங்குவது இதனால்தான். விலை உயர்ந்த கருவி வாங்க வேண்டியதில்லை. வீட்டில் இன்னொரு கைப்பேசி இருக்குமல்லவா? அதில் குரல் பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் சட்டைப்பையிலோ மடியிலோ வைத்துவிடலாம். இரண்டும் ஓடத் தொடங்கியதும் கேமரா முன் ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். படத்தில் கைகள் சேரும் நொடியையும் ஒலியில் “டப்” என்று கேட்கும் நொடியையும் எடிட்டிங்கில் பொருத்திவிட்டால் உதடும் சொல்லும் ஒன்றாகிவிடும். சினிமாப் படப்பிடிப்பில் கிளாப் அடிப்பதன் காரணமும் இதுவே. இயக்குநரின் பந்தாவுக்காக அல்ல!

பதிவு செய்யும் நேரத்தில் மின்விசிறி, தொலைக்காட்சி, முடிந்தால் குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். (குளிர்சாதனப் பெட்டியை மறுபடி முடுக்க மறந்தால் அம்மாவிடம் திட்டு வாங்குவது உறுதி. கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் மறக்க முடியாது.) தகரக் கூரை வீடானால் மாலை மழைக்கு முன்பே வேலையை முடித்துக்கொள்வது நல்லது. பேச்சு முடிந்த பின் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் அமைதியையும் பதிவு செய்து வையுங்கள். துண்டு துண்டாக வெட்டிய பேச்சுகளுக்கு இடையே இதைப் பரப்பினால் ஒட்டு தெரியாது.

அடுத்தது வெளிச்சம். சன்னலுக்கு எதிராக உட்கார வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. சன்னல் பேசுபவரின் பக்கவாட்டில், சற்று முன்புறமாக இருக்கட்டும். அப்போது ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் மென்மையான நிழலும் விழும். முகத்தின் சுருக்கங்கள் உயிரோடு தெரியும். அஞ்சடியிலோ முன் வாசல் நிழலிலோ உட்கார்ந்தாலும் இதே பலன் கிட்டும். உச்சி வெயில் மட்டும் வேண்டாம். கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் தெரியும்.

நம்மவர் முகத்தைப் படம் எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும. கேமரா காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும் கருவி. வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகத்தை உட்கார வைத்தால், அது சுவரின் வெண்மையைக் குறைக்க முனைந்து முகத்தை மேலும் இருட்டாக்கும். கைப்பேசித் திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சிறிது ஏற்றிப் பூட்டிவிடுங்கள். சுவர் வெளிறினால் வெளிறட்டும். நாம் பேட்டி எடுப்பது சுவரை அல்ல. 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட ஈப்போ ரயில் நிலையத்தைப் படம் எடுப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். அந்த வெள்ளை மாடம் படத்தில் அழுக்கடைந்ததுபோல் தெரிந்தால் குறை கட்டடத்தில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது. அங்கும் வெளிச்சத்தை ஒரு படி ஏற்ற வேண்டும்.

குழல் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் கோடு கோடாக வெளிச்சம் ஓடுவதைச் சிலர் கண்டிருக்கலாம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதனால் பழைய வகைக் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. பல கைப்பேசிகள் நொடிக்கு 30 படச் சட்டங்கள் எடுக்கும்படி அமைந்து வருகின்றன. இரண்டும் ஒத்துப்போகாதபோது கோடு விழுகிறது. நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒரு நொடி என்று மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும். சில கைப்பேசிகளில் இந்த வசதி ‘பால்’ என்ற தொலைக்காட்சி முறையின் பெயரில் ஒளிந்திருக்கும். பால்மரத்துக்கும் அதற்கும் உறவில்லை.

இனி, கேள்விகள். “தோட்டத்து வாழ்க்கை கஷ்டமா இருந்துச்சா பாட்டி?” என்று கேட்டால் “ஆமாய்யா, கஷ்டம்தான்” என்ற பதிலோடு முடிந்துவிடும். “விடியக் காலையில எந்திரிச்சதும் முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியதும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டதும், தண்டல் பெயர் வாசித்ததும் ஒவ்வொன்றாக வரும். கையில் ஒரு பழைய உளியையோ மங்கையோ கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. வாய் மறந்ததைக் கை சொல்லும். அவர் சொல்லி முடித்துவிட்டார் என்று தோன்றினாலும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மூன்று நான்கு நொடி பேசாமல் இருங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் வெளிவருகிறது. எதையாவது சொல்லிவிட்டு “இதப் போட்ராதப்பா” என்றால் போடக் கூடாது. அது அவருடைய கதை.

பேச்சை மட்டும் எடுத்தால் போதாது. பேச்சுக்குத் துணையாகக் காட்சிகள் வேண்டும். பேராக்கில் சிறு தோட்டக்காரர்கள் இன்னும் ஆங்காங்கே பால் வெட்டுகிறார்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு விடியலுக்கு முன்பே போய்விட வேண்டும். குளிர்ந்த அதிகாலையில்தான் மரத்தின் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளரும். எனவே நல்ல காட்சியெல்லாம் வெளிச்சம் மிகக் குறைந்த நேரத்தில்தான் நடக்கும். கையில் பிடித்து எடுத்தால் ஆடும். முக்காலி இல்லையென்றால் பக்கத்து மரத்தில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சை மெல்ல விட்டபடி எடுங்கள். பொழுது விடிந்த பின் இலைகளினூடே வரும் ஒளி தோலைப் பச்சையாக்கிக் காட்டும். ஒரு வெள்ளைக் காகிதத்தை அங்கே நீட்டி, அது வெள்ளையாகத் தெரியும்வரை நிறச் சமனைத் திருத்திக்கொண்டால் போதும்.

பால் வெட்டுவதை ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு வருவதால் பயனில்லை. முழுத் தோட்டமும் தெரியும் ஒரு தூரக் காட்சி, மரமும் மனிதரும் சேர்ந்த ஒன்று, பட்டையைச் சீவும் கை, ஒட்டுப்பாலை உரிக்கும் விரல், மங்கில் விழும் முதல் துளி, வேலை செய்பவரின் முகம். ஒவ்வொன்றையும் கேமராவை அசைக்காமல் பத்து நொடி எடுங்கள். ஜூம் செய்வதை மறந்துவிடுங்கள். நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் காலால் நடந்து போங்கள்.

எதைப் படமெடுப்பது என்பதிலும் சற்று யோசனை வேண்டும். பத்து காஜா அருகே கெல்லி மாளிகைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே கோபுரத்தை ஒரே கோணத்தில் எடுத்து வருகிறார்கள். அருகில்தான், தோட்டப் பாட்டாளிகளுக்காக எழுப்பப்பட்ட மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் ஒரு துரையின் சிலை நிற்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? தோட்ட வரலாறு முழுவதும் அந்த ஒரு படத்துக்குள் அடங்கியிருக்கிறது. மாளிகைப் படம் கடையில் அஞ்சலட்டையாகவே கிடைக்கும்.

எடிட்டிங்குக்கு வருவோம். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் 1920-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், பின்னர் ஒரு சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். முதலில் பசியும் பிறகு துயரமும் அந்த முகத்தில் தெரிவதாகப் பார்த்தவர்கள் நினைத்தார்கள். முகம் ஒன்றேதான்! இரண்டு துண்டுகளை அடுத்தடுத்து வைத்தாலே பொருள் பிறந்துவிடுகிறது. இதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. பாட்டி தன் திருமணத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்ததை, லயம் இடிந்த காட்சிக்குப் பின் ஒட்டினால் அவர் இடிந்ததற்காகச் சிரிப்பதுபோல் ஆகிவிடும்.

எளிய உத்தி ஒன்று போதும், வீட்டுப் பதிவு தொலைக்காட்சித் தரத்துக்கு உயர்ந்துவிடும். பேச்சை வெட்டிச் சுருக்கும்போது முகம் திடுக்கென்று துள்ளும். அந்த இடத்தில் படத்தை மட்டும் மாற்றி, கையில் இருக்கும் உளியையோ பழைய நிழற்படத்தையோ காட்டி, குரலைத் தொடரவிடுங்கள். துள்ளல் மறைந்துவிடும். அதுபோல் அடுத்த காட்சியின் ஒலியை ஒரு நொடி முன்னதாகவே தொடங்கலாம்: பாட்டியின் முகம் திரையில் இருக்கும்போதே பட்டை சீவும் ஓசை கேட்கத் தொடங்கி, பிறகு மரம் தெரிந்தால் கண் தடுமாறாது.

சோக வயலினும், சினிமாப் பாட்டும், பக்கம் புரள்வதுபோன்ற காட்சி மாற்றங்களும் வேண்டவே வேண்டாம். சினிமாப் பாட்டைச் சேர்த்தால் யூடியூப் உரிமைப் பிரச்சினையில் ஒலியை நிறுத்திவிடவும் கூடும்.

பேச்சைத் ‘திருத்தும்’ ஆசையும் சிலருக்கு வரும். மலாயும் சீனமும் கலந்த தோட்டத்துத் தமிழை ஏட்டுத் தமிழாக்கிச் சொல்லவைப்பார்கள். தீபக் குமாரன் மேனன் 2005-இல் ‘செம்மண் சாலை’ படத்தை ரப்பர் தோட்டக் குடும்பம் ஒன்றை வைத்து, டிஜிட்டல் வீடியோவில் எடுத்தார். தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்களின் 1990-களைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் திரைக்கு வந்து, 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவின் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதன் தலைப்பே மலாய்ச் சொல்லை நம்மவர் உச்சரிக்கும் விதம். இந்த மண்ணின் பேச்சை அப்படியே வைத்ததுதான் அப்படத்தின் பலம். பெரட்டு, மங்கு போன்ற சொற்கள் பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது என்று தோன்றினால் திரையின் அடியில் ஒரு வரி விளக்கம் எழுதிவிடலாம்.

எடுத்ததைக் காப்பாற்றுவது தனி வேலை. வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருங்கித் தரம் குறையும், கோப்பாக அனுப்புங்கள். மூலப் பதிவைக் கணினியிலும் வெளி வன்தட்டிலும் வைத்து, மூன்றாம் பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். அலமாரியில் பழைய விஎச்எஸ் திருமண நாடா கிடந்தால் இன்னும் அவசரம். நம் ஈரக் காற்றில் நாடா பூஞ்சணம் பிடிக்கும். அதை இயக்கும் கருவியைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வெள்ளைப் புள்ளிகள் தெரியும் நாடாவைக் கருவியில் போட்டுச் சோதிக்காதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். மாற்றித் தரும் கடைக்காரரிடம் முதலில் துப்புரவு செய்யச் சொல்ல வேண்டும்.

பழைய நிழற்படங்களைக் கைப்பேசியில் எடுப்பதானால் சன்னலோரம் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். அப்போதே குரல் பதிவையும் ஓடவிட்டு, படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று பாட்டியை விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் லயம், எந்தத் திருவிழா என்பதையும் கேளுங்கள். பெயர்களைப் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் எழுதி வையுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் முகத்தின் மேல் கோடு தெரியும்.