துண்டு கட்டிக்கொள்ளச் சொன்ன நீதிபதி

நியூயார்க் ஃபோலி சதுக்கத்தில், உச்சியில் தங்கப் பிரமிடு மின்னும் உயரமான நீதிமன்றக் கட்டடம் ஒன்று இருக்கிறது. வாசலில் பிரம்மாண்டத் தூண்கள், உள்ளே பளிங்கு. அதையெல்லாம் சுற்றுலாப் பயணிகள் பார்த்துக்கொள்ளட்டும்! நாம் போக வேண்டியது, நீதிபதி உட்காரும் மேடைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கதவுக்கு. கறுப்பு அங்கி எந்தக் கதவு வழியாக வருகிறதோ, அந்தக் கதவு. அதற்கு அந்தப்பக்கம் என்னதான் நடக்கிறது?

முதலில் ஆச்சரியம், ஆட்கள் எவ்வளவு குறைவு என்பது! ஒரு ஃபெடரல் விசாரணை நீதிபதியின் சேம்பர் என்றால், அவரும் இரண்டு மூன்று லா கிளார்க்குகளும், பெரும்பாலும் அவ்வளவுதான். கிளார்க் என்றதும் தலைநரைத்த குமாஸ்தாவை நினைத்துவிடாதீர்கள். சட்டக் கல்லூரியை விட்டு வெளியே வந்து ஓரிரு வருடமே ஆன, கெட்டிக்கார இளைஞர்கள். ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருந்துவிட்டுப் போய்விடுவார்கள். கேஸ் கட்டுகளைக் கரைத்துக் குடிப்பதும், தீர்ப்பின் முதல் வரைவை எழுதுவதும், நீதிபதியோடு மல்லுக்கட்டி வாதாடுவதும் இவர்கள் வேலை. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியாகப்போகும் ஒரு தீர்ப்பு, இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் மேஜையில் அரைகுறையாகக் கிடக்கும்!

எந்த வழக்கு எந்த நீதிபதிக்கு? யாரும் கேட்டு வாங்க முடியாது, குலுக்கல்தான். இந்த நீதிமன்றத்தில் குற்ற வழக்குகளுக்கு, நீதிபதிகளின் பெயர் அடங்கிய உறைகள் போட்ட மர உருளை ஒன்றைச் சுற்றிவிட்டு எடுக்கும் வழக்கம் உண்டு. 2023-லிருந்து அருண் சுப்பிரமணியன் என்ற பெயரும் இங்குள்ள நீதிபதிகள் பட்டியலில் இருக்கிறது. தெற்காசிய வம்சாவளியில் இந்த நீதிமன்றத்துக்கு வந்த முதல் நீதிபதி அவர்.

இன்னொரு ரகசியம். விசாரணை நடுவே, ஜூரி காதில் விழக்கூடாத பேச்சு வந்தால், வக்கீல்கள் மேடையோரம் போய்க் குசுகுசுப்பார்கள். அப்போது ஒரு பொத்தானை அழுத்தினால், ஒலிபெருக்கியிலிருந்து ஓட்டுக்கூரையில் மழை பெய்வதுபோல இரைச்சல் கிளம்பும். பன்னிரண்டு ஜூரர்களும் அந்த மழையைக் கேட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்க முடியாது. சீட்டெழுதி அனுப்ப வேண்டும். இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் அதைக் காட்டிவிட்டுத்தான் நீதிபதி பதில் சொல்வார்.

இந்தக் கதவு வழியாக 39 ஆண்டுகள் வந்து போனவர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. இவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்!

1921 செப்டம்பர் 14-ல் நியூ ஹேவனில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் ஒன்பதாவது. பெற்றோர் கரீபியத் தீவான நீவிஸிலிருந்து வந்தவர்கள். அப்பா யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுக்குச் சமைத்துப் போட்டவர். மகளுக்கு வக்கீலாக ஆசை, கையில் காசில்லை. ஊர்ச் சமூகக்கூடம் ஒன்றில் நடந்த கூட்டத்தில், கறுப்பின மக்கள் ஏன் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்று யோசனை கேட்டார்கள். நிர்வாகத்தில் எங்களுக்கு ஒரு சொல் இருந்தால்தானே வருவோம் என்று எழுந்து போட்டு உடைத்தார் இந்தப் பெண். அந்தக் கூடத்துக்கு வாரிக்கொடுத்த வெள்ளைக்காரத் தொழிலதிபர் கிளாரன்ஸ் பிளேக்ஸ்லீ அந்தக் கூட்டத்தில் இருந்தார். கோபப்படவில்லை. கூப்பிட்டு விசாரித்து, படிக்கும்வரை படி, செலவு என்னுடையது என்றுவிட்டார்!

1946-ல் கொலம்பியாவில் சட்டப் பட்டம். அதற்கு முன்பே சிவில் உரிமை வக்கீல் தர்குட் மார்ஷல் இவரைத் தன் வக்கீல் படையில் சேர்த்துக்கொண்டார். பள்ளிகளில் இனப் பிரிவினையை உடைத்த பிரவுன் வழக்கின் முதல் மனுவை எழுதியவர் மோட்லி. மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்குள் 1962-ல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் காலடி வைத்தாரே, அந்த வழக்கை நடத்தியதும் இவர்தான். உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவை பத்து வழக்குகள், ஒன்பதில் வெற்றி. தோற்ற அந்தப் பத்தாவதை மறக்காதீர்கள், அதற்கு வருகிறேன்.

1966 ஜனவரியில் அதிபர் லிண்டன் ஜான்சன் இவரை ஃபெடரல் நீதிபதியாக நியமிக்கிறார். நியமனம் செனட் நீதிக் குழுவைத் தாண்ட வேண்டும். அதன் தலைவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட், அதே மிசிசிப்பிக்காரர்! கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப் பார்த்தார், ஏழு மாதம் இழுத்தடித்தார். ஆகஸ்ட் 30-ல் செனட் ஒப்புதல் கொடுத்தது. அமெரிக்க வரலாற்றில் முதல் கறுப்பினப் பெண் ஃபெடரல் நீதிபதி, 44 வயதில். வாழ்நாள் பதவி. சம்பளத்தைக்கூட யாரும் குறைக்க முடியாது, அரசியல் சாசனமே கொடுத்த காவல். அந்த நீதிமன்றத்துக்கு அடுத்த பெண் நீதிபதி வந்தது 1978-ல். அதுவரை பன்னிரண்டு வருடம் இவர் ஒருவர்தான்!

சரி, கதவைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தாயிற்று. என்ன செய்தார்? எனக்கு இவரிடம் பிடித்ததே, வானத்தளவு பெரிய சட்டக் கோட்பாட்டைக் கைக்கு எட்டும் தூரத்துக்கு இறக்கிக் கொண்டுவரும் சாமர்த்தியம்தான். விசாரணை நீதிபதியின் கலையே அதுதான் என்று நினைக்கிறேன். கோட்பாட்டை விரித்து விரித்து எழுத மேலே வேறு நீதிமன்றங்கள் உண்டு. ‘அப்படியானால் நாளைக் காலையில் என்ன செய்வது?’ என்பதற்குப் பதில் சொல்வது இவர் பாடு.

1970-ல் மார்ட்டின் சோஸ்ட்ரே என்ற கைதியின் வழக்கு. சிறைக்குள் சட்டம் படித்து, மற்ற கைதிகளுக்கும் மனு எழுதிக் கொடுத்தவர். ஒரு வருடத்துக்கு மேல் தனிமைச் சிறையில் அடைத்துவிட்டார்கள். அந்த இருட்டுக்கு எப்படி விலை போடுவது? மோட்லி நாள் கணக்குப் பார்த்தார். அடைபட்ட ஒவ்வொரு நாளுக்கும் 25 டாலர் இழப்பீடு, மேலே தண்டனையாக இன்னும் கொஞ்சம். மேல்முறையீட்டில் தண்டனைத் தொகை போயிற்று, தீர்ப்பிலும் பல இடங்களில் கத்தரி விழுந்தது. அந்த 25 டாலர் கணக்கு நின்றது.

1975-ல் ஒரு பெண் வக்கீல், பெரிய சட்ட நிறுவனமான சல்லிவன் அண்ட் கிராம்வெல் மீது பாலினப் பாகுபாடு வழக்குப் போட்டார். நீதிபதியும் பெண், அதுவும் சிவில் உரிமை வக்கீலாக இருந்தவர், அதனால் விலக வேண்டும் என்றது எதிர்த்தரப்பு. மோட்லி அசரவில்லை. பால், இனம், பழைய தொழில் எல்லாம் எந்த நீதிபதிக்குத்தான் இல்லை? அதற்காக விலகுவதென்றால் இந்த நீதிமன்றத்தில் ஒருவர்கூட இந்த வழக்கைத் தொட முடியாதே என்று எழுதிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆகா! இனத்தையோ பாலையோ காட்டி நீதிபதியை விலக்கப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் இந்த உத்தரவை எடுத்து நீட்டுகிறார்கள்.

அப்புறம், துண்டு! 1977 உலகத் தொடர் பேஸ்பால், யாங்கீஸும் டாட்ஜர்ஸும் மோதுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆண் நிருபர்கள் வீரர்களின் உடை மாற்றும் அறைக்குள் போய்ச் சுடச்சுடப் பேட்டி எடுக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் நிருபர் மெலிஸா லட்கே மட்டும் வெளியே தாழ்வாரத்தில் நிற்கிறார். பெண் உள்ளே போகக்கூடாது என்பது பேஸ்பால் ஆணையர் போவி கூன் உத்தரவு. காரணம், வீரர்களின் அந்தரங்கம். வழக்கு மோட்லியிடம் வந்தது. ஜூரி கிடையாது, ஆவணங்களும் வாதமும் மட்டும்.

மோட்லி முதலில் பிடித்தது மைதானத்தின் சொந்தக்காரரை. யாங்கீ மைதானம் நியூயார்க் மாநகரத்தின் சொத்து, அணி வெறும் குத்தகைக்காரர். அரசு இடமென்றால் அரசியல் சாசனத்தின் 14-வது திருத்தம் சொல்லும் சமத்துவம் உள்ளே நுழைந்துவிடுகிறது! அடுத்தது அந்தரங்கம். டிவி கேமராக்களையே உள்ளே விட்டவர்கள் நீங்கள். அப்படியும் கூச்சமென்றால் திரை போடலாம், தடுப்புக் கதவு வைக்கலாம், இல்லையா, துண்டு கட்டிக்கொள்ளலாம். 1978 செப்டம்பர் 25-ல் வந்த இந்தத் தீர்ப்பு யாங்கீ மைதானத்தின் அறையைப் பெண் நிருபர்களுக்குத் திறந்துவிட்டது. அமெரிக்க அரசியல் சாசனத்தைக் குளியல் துண்டு அளவுக்கு மடித்துக் கொடுத்திருக்கிறார், எனக்கு இது அலுக்கவே அலுக்காது!

1982-ல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஆனார். இப்போது, அந்தத் தோற்ற வழக்கு. அலபாமாவில் கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து அரசுத் தரப்பு வரிசையாகக் கழித்துக்கட்டியதை எதிர்த்து ஸ்வெய்ன் என்பவருக்காக இவர் வாதாடியது. 1965-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 1986 ஏப்ரலில், பேட்சன் என்ற இன்னொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பையே முறித்தது. அன்றைக்கு மோட்லி தலைமை நீதிபதி! இருபத்தோரு வருடம் முன்பு இவர் கேட்ட நியாயம், இவருடைய சொந்த நீதிமன்றத்திலேயே ஜூரி பொறுக்கும் ஒவ்வொரு காலையிலும் சட்டமாக நின்றது. பத்துக்கு ஒன்பது என்ற கணக்கைப் பத்துக்குப் பத்து என்று மாற்றி எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது.

அதே வருடம் மூத்த நீதிபதி அந்தஸ்துக்கு மாறினார். அந்த அந்தஸ்தில் வழக்குச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம், பதவி போய்விடாது. 2005 செப்டம்பரில் 84 வயதில் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார்.

2022 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றத்துக்கு முதல் கறுப்பினப் பெண்ணாக கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சனை அதிபர் பைடன் அறிவித்தார். மேடையில் ஜாக்சன் மோட்லியின் பெயரைச் சொல்லி, எங்கள் இருவருக்கும் பிறந்தநாள் ஒன்று, நடுவில் சரியாக 49 வருடம் என்றார். செப்டம்பர் 14! ஜாக்சனும் வாஷிங்டனில் எட்டு வருடம் ஃபெடரல் விசாரணை நீதிபதியாக இருந்தவர்தான்.