விண்கடலில் ஒரு விந்தைக் கப்பற்படை

மார்கழி முழுமதி தொடங்கி வைகாசி முழுமதி வரையிலான யாத்திரைக் காலத்தில் மஸ்கெலியாவின் இரவுகளுக்கு ஒரு தனி அழகு உண்டு. நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறும் அடியார்களுக்கென ஏற்றப்படும் விளக்குகள், அடிவாரத்திலிருந்து உச்சி வரை ஒரு பொற்சங்கிலி போலத் தொங்குகின்றன. மலையின் உருவம் இருளில் மறைந்துவிடுகின்றது. விளக்கு வரிசை மட்டும் தரையிலிருந்து வானுக்குச் சார்த்திய ஏணியாகக் காட்சி தருகின்றது. லயத்து வாசலில் நின்று இதனைப் பார்க்கும் சிறுவன் ஒருவன், “இந்த ஏணி இன்னும் மேலே போனால் எங்கே போய்ச் சேரும்?” என்று கேட்பானாயின், அவனை நாம் எள்ளி நகையாடலாகாது. உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஒருவரும் இதே மலையை வைத்து இதே கேள்வியைத்தான் கேட்டார்.

அவர் ஆதர் சி. கிளார்க். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்து, 1956இல் இலங்கையில் வந்து குடியேறி, 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமாகும் வரை இத்தீவையே தமது இல்லமாகக் கொண்டவர். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படையில் றேடார்த் துறையிற் பணியாற்றியவர். பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகள் வழியாக உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை வரைந்தவரும் அவரே.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் விண்கப்பல்களை வரைவதை நாம் கண்டிருக்கிறோம். ஒன்று வரைந்தால் மனம் நிறைவதில்லை. ஒரு கப்பற்படையே வேண்டும். அதற்குப் பீரங்கி வேண்டும், ஒளிக்கதிர் வேண்டும், உலகில் எவரும் எண்ணிப் பாராத ஆயுதமும் வேண்டும்! கனவு காண்பது குற்றமன்று. ஆனால் கனவுக்கும் கணக்கு உண்டு. வழக்கத்துக்கு மாறானதொரு விண்போர்க் கப்பற்படையை வகுக்கப் புகும் ஒருவன் எவற்றையெல்லாம் எண்ணவேண்டும் என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

நீரில்லாத கடல்

பிள்ளைகள் வரையும் விண்கப்பல்களுக்குக் கூரிய மூக்கும் அகன்ற சிறகுகளும் இருக்கும். விண்வெளியிலோ காற்று இல்லை. ஆகவே கூரிய மூக்கினாற் பயனில்லை. சிறகை அசைத்துத் திரும்பவும் இயலாது. ஒரு முறை வேகங்கொண்ட கலம், மறுதிசையில் உந்தப்படும் வரை, அதே வேகத்திற் சென்றுகொண்டேயிருக்கும். உந்துவதற்குத் தன்னிடமுள்ள பொருளையே பின்னோக்கி வீசி எறியவேண்டும். இதற்கான கணக்கை ருஷ்யப் பள்ளி ஆசிரியராகிய சியோல்கோவ்ஸ்கி 1903இல் வெளியிட்டார். வெளியேறும் வாயுவின் வேகத்துக்குச் சமமான வேகத்தைக் கலம் அடையவேண்டுமாயின், புறப்படும்போது அதன் நிறையில் நூற்றுக்கு 63 பங்கு எரிபொருளாக இருக்கவேண்டும். இரு மடங்கு வேகம் வேண்டுமாயின் 86 பங்கு. மும்மடங்காயின் 95 பங்கு. எஞ்சிய 5 பங்கினுள்ளேதான் மாலுமியும் உணவும் ஆயுதமும் அடங்கவேண்டும்!

இரண்டாவது தொல்லை வெப்பம். கடற்கப்பல் தன் இயந்திரச் சூட்டைக் கடல்நீரிற் கொட்டிவிடுகின்றது. விண்கலத்தைச் சுற்றி நீருமில்லை, காற்றுமில்லை. வெப்பம் கதிராக வீசித்தான் வெளியேறவேண்டும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பெரிய வெண்பலகைகள் நீண்டு நிற்பது இதன் பொருட்டே. ஆற்றல் மிக்க ஆயுதங்களைச் சுமக்கும் கலத்துக்கு இத்தகைய பலகைகள் மேலும் பெரியனவாக வேண்டும். எதிரி முதலிற் குறிவைப்பதும் அவற்றைத்தான். அன்றியும், குளிர்ந்த இருளில் சூடான பொருள் ஒளிந்துகொள்ளவும் முடியாது. வெப்பத்தை உணரும் கருவிகள் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது தூரம். ஒளியும் வானொலி அலையும் சந்திரனை எட்ட 1.3 செக்கன் போதும். செவ்வாயை எட்டவோ, கோள்களின் நிலைக்கேற்ப 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை செல்லும். செவ்வாய்க்கருகில் நிற்கும் தளபதி, “எதிரி வந்துவிட்டான், என் செய்வது?” என்று பூமியைக் கேட்டு, விடை வருமட்டும் காத்திருந்தால் அவன் கதை முடிந்துவிடும்.

ஆக, உண்மைக் கணக்குக்கு இசையும் விண்போர்க் கலம் கம்பீரமான யுத்தக் கப்பலைப் போலிராது. உருண்டைக் கலன்களும் மெல்லிய சட்டமும் விரிந்த பலகைகளுமாக, ஏதோ தும்பியைப் போலத்தான் இருக்கும்.

தோற்றுப்போன மேதைகள்

சரி, வடிவம் கிடைத்துவிட்டது. இனி ஆயுதம். இங்கேதான் கிளார்க் 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சிறுகதை நமக்குக் கைகொடுக்கின்றது. ‘மேன்மை’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது அக்கதை. இரு பெரும் விண்படைகள் போரிடுகின்றன. கதை சொல்பவனின் கட்சியோ கப்பலிலும் கருவியிலும் மேலோங்கி நிற்பது. பழைய ஆயுதங்களைக் கொண்டே வென்றிருக்கலாம். அவ்வேளையில் ஆராய்ச்சித் தலைவராக வருகிறார் நோர்டன் என்னும் மேதை. பழைய ஆயுதங்களைச் செப்பனிடுவது வீண். எவரும் கண்டிராத புதியவற்றை ஆக்குவோம் என்கிறார்.

முதலிற் பொருளையே இல்லாதொழிக்கும் ஆயுதம் ஒன்று வருகின்றது. அதனைத் தாங்கப் பெரிய ஏவுகணை வேண்டும். அவ்வேவுகணைக்காகக் கப்பல்களை மாற்றியமைக்க வேண்டும். அதற்குள் பழைய ஏவுகணைகளின் உற்பத்தி நின்றுவிடுகின்றது. எதிரியோ பழைய ஆயுதங்களுடன் முன்னேறுகிறான். அடுத்ததாகப் போர்க்களம் முழுவதையும் கணித்து ஆணையிடும் மாபெரும் கணிப்பொறி வருகின்றது. அதனைப் பேணுவதற்கே 500 வல்லுநர்கள் தேவைப்படுகின்றனர். இறுதியிற் கப்பலைக் கண்ணுக்கெட்டாத் தொலைவுக்கு மறைக்கும் மாயத்திரை ஒன்று வருகின்றது. அதனை இயக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் கப்பலின் அளவுகள் மிக நுண்ணிய அளவில் மாறிவிடுகின்றன. விளைவு யாது? ஒரு கப்பலின் உதிரிப்பாகம் மற்றக் கப்பலிற் பொருந்துவதில்லை. ஒருவர் செய்தி மற்றவருக்கு எட்டுவதில்லை. பெரும்படை சிதறுகின்றது. இவை அனைத்தையும் தோற்றுச் சிறைப்பட்ட தளபதி நமக்கு உரைக்கிறான். நீதிமன்றத்திடம் அவன் வேண்டுவது ஒன்றே: நோர்டனுடன் ஒரே அறையில் தன்னை அடைத்து வைக்கவேண்டாம்!

நகைச்சுவைக் கதைதான். ஆயினும் நகைப்பு அடங்கியபின் நெஞ்சில் ஒரு முள் தைக்கின்றது. நோர்டனின் விஞ்ஞானம் எங்கும் பொய்க்கவில்லை. அவர் ஆக்கிய ஒவ்வோர் ஆயுதமும் சொன்னபடி வேலை செய்தது. அதனைச் சுமப்போர், திருத்துவோர், அதற்காகக் காத்திருப்போர் ஆகியோரை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அவ்வளவே.

மட்டக்களப்புக் கடலடியில் ஒரு சாட்சி

இது கற்பனை உலகின் பாடம் மட்டுமோ? நமது தீவின் கீழ்க்கரையிலேயே ஒரு சாட்சி கிடக்கின்றது. பிரித்தானியரின் ‘ஹேர்மிஸ்’ என்னும் கப்பல், விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பலாகும். பீரங்கிக் கப்பல்களே கடலை ஆண்ட காலத்தில் அது ஒரு புதுமை. 1942 ஏப்ரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வருகின்றன என்றறிந்து அத்துறைமுகத்தை விட்டகன்ற அக்கப்பல், மட்டக்களப்புக்கு அப்பாற் குண்டுவீச்சுக்கு இலக்காகி மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அவ்வேளை அக்கப்பலின் மேற்றளத்தில் அதற்குரிய விமானம் ஒன்றேனும் இருக்கவில்லை. அவை கரையில் நின்றன. விமானமில்லாத விமானந்தாங்கி, நாணறுந்த வில்.

அதனை வீழ்த்தியதும் மற்றொரு கூட்டத்து விமானந்தாங்கிகளே. ஆகவே புதுமை தோற்றது என்று நாம் முடிவு கட்டிவிட முடியாது. விமானமும் விமானியும் செய்தியும் ஒன்றுகூடியிருந்த புதுமை வென்றது. அவை பிரிந்திருந்த புதுமை வீழ்ந்தது. அத்தாக்குதலுக்கு வந்த ஐந்து யப்பானிய விமானந்தாங்கிகளுள் மூன்று, இரண்டே மாதங்களில் மிட்வேப் போரில் மூழ்கியதையும் மறத்தலாகாது. கடல் எவருக்கும் நிரந்தரச் சொத்தன்று.

ஸ்டோர் கற்பிக்கும் பாடம்

இப்பாடத்தைக் கற்க மஸ்கெலியாப் பிள்ளைகள் கடற்கரை வரை போகவேண்டியதில்லை. தோட்டத்து ஸ்டோரைப் பார்த்தாற் போதும். கொழுந்து எடுப்பதனால் மட்டும் தேயிலை ஆகிவிடுவதில்லை. பறித்த கொழுந்து நிறுக்கப்பட்டு, உரிய வேளைக்குள் ஸ்டோருக்கு வந்து, வாட்டப்பட்டு, அரைக்கப்பட்டு, புளிக்க வைக்கப்பட்டு, காய்ச்சப்பட்டு, சலிக்கப்பட்ட பின்னரே தேயிலையாகின்றது. மலைச்சரிவில் எத்துணை விரைவாகக் கொழுந்து எடுத்தாலும், வண்டி வராவிடின் கூடையிலேயே அது வெந்து கெடும். அரைக்கும் இயந்திரத்தின் ஓர் ஆணி உடைந்து, மாற்றாணி கிடைக்காவிடின் முழு ஸ்டோரும் நிற்கும். கைகள் பல, வேலை ஒன்று. கப்பற்படையும் அத்தகையதே.

ஆதலால், விண்கப்பற்படையை வகுக்கும் மாணவனுக்கு நாம் கூறக்கூடியது இதுதான். ஒரு மாபெரும் கப்பலை வரையாதே. ஒரே அச்சில் வார்த்த சிறு கலங்கள் பலவற்றை வரை. ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தட்டும். தொலைவிலிருந்து ஆணை வாராவிடினும் தாமே முடிவு செய்யும் மாலுமிகளை அவற்றில் அமர்த்து. பழுது பார்க்கும் கலத்தையும், எரிபொருட் கலத்தையும், மருத்துவக் கலத்தையும் முதலில் வரை. பீரங்கிக் கலத்தைக் கடைசியில் வரை. கப்பற்படைகளின் வழக்கத்துக்கு இதைவிட மாறானது வேறு யாது?

மலையுச்சியில் ஒரு துறைமுகம்

படைக்குத் துறைமுகமும் வேண்டுமல்லவா? பூமியிலிருந்து எழுவதிலேயே எரிபொருளின் பெரும்பகுதி கரைந்துவிடுவதால், கிளார்க் 1979இல் வெளியிட்ட ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்னும் நாவலில் வேறொரு வழியைக் காட்டினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதி ஒன்றிலிருந்து உறுதிமிக்க இழையொன்றைத் தரைவரை இறக்கிவிட்டால், அதன் வழியே மின்சாரத்தாற் பெட்டிகள் ஏறி இறங்கலாம். அதற்கேற்ற இழையை இன்றுவரை எவரும் அவ்வளவு நீளத்துக்கு ஆக்கவில்லை. கதையில் அவ்விழை வந்து தொடும் மலை, நமது சிவனொளிபாத மலையைக் கண்டு எழுதியதே! இதற்காக இலங்கைத் தீவையே தெற்கே 800 கிலோமீற்றர் நகர்த்தி, ‘தப்ரபேன்’ என்ற பழம்பெயரையும் அதற்குச் சூட்டினார் ஆசிரியர்.

அந்நாவலிற் கவனிக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. மலையுச்சியிலே காலங்காலமாக வாழும் துறவிகள் அவ்விடத்தை விட்டகல மறுக்கின்றனர். பொறியியலாளரின் வரைபடத்தில் வெறும் புள்ளியாக இருந்த இடம், மற்றவர்களுக்கு வாழ்வாக இருக்கின்றது. மஸ்கெலியா மக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரினுள் மறைந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், நீர்த்தேக்கமும் வேண்டும். ஆயினும் வரைபவன் இழுக்கும் ஒவ்வொரு கோட்டின் கீழும் ஓர் ஊர் இருக்கக்கூடும் என்பதை அவன் மறவாதிருத்தல் வேண்டும்.

பகைவன் யார்?

இறுதிக் கேள்வி இதுவே: இக்கப்பற்படை யாருடன் போரிட? கிளார்க் 1973இல் எழுதிய ‘ராமாவுடன் சந்திப்பு’ என்னும் நாவலில், விண்கல் ஒன்று இத்தாலியில் வீழ்ந்து பேரழிவு விளைத்தபின், மனித குலம் முழுவதும் கூடி விண்வெளிக் காவல் ஒன்றை அமைக்கின்றது. அக்கற்பனையின் முதற் படியை நம் காலத்திலேயே கண்டுவிட்டோம். 2022 செப்டெம்பர் 26ஆம் நாள், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா அனுப்பிய ‘டார்ட்’ என்னும் ஆளில்லாக் கலம், ஏறத்தாழ 160 மீற்றர் அகலமுள்ள டிமோர்போஸ் என்ற சிறுகோளின்மீது, செக்கனுக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. அச்சிறுகோளால் பூமிக்கு ஆபத்து ஏதுமில்லை; அது ஒரு சோதனையே. 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்றுக்காலம் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. அக்கலத்திற் குண்டுமில்லை, பீரங்கியுமில்லை. சரியான கணக்கும் சரியான வேளையுமே அதன் ஆயுதங்கள்.

வழக்கத்துக்கு மாறான போர்க்கப்பல் என்று இதனையன்றோ சொல்லவேண்டும்! எவரையும் கொல்லாமல் எல்லோரையும் காக்கும் படை அது.

ஆகவே பெற்றோர்களே, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் விண்கப்பலைக் கண்டால் உடனே சினவாதீர்கள். பிள்ளையை அருகில் அழைத்து, “தம்பி, இதற்கு எரிபொருள் எவ்வளவு? சூடு எவ்வழியாக வெளியேறும்? பழுதானால் யார் திருத்துவார்? இது யாரைக் காக்கும்?” என்று கேளுங்கள். முதல் இரண்டு கேள்விகளும் அவனைப் பௌதிகப் புத்தகத்தின் பக்கம் இழுத்துச் செல்லும். மற்ற இரண்டும் அவனை நல்ல மனிதனாக்கும். மலைமேல் விளக்குகள் எரிந்துகொண்டேயிருக்கின்றன. ஏணி இன்னும் முடியவில்லை.