விமான நிலைய இரைச்சலும் குடியிருப்போர் முயற்சிகளும்: மந்தாரக்குப்பத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

விமான நிலையங்களைச் சூழ்ந்து வாழும் மக்கள் இரைச்சலைக் குறைக்க மேற்கொண்ட முயற்சிகளுள் சில பயன் தந்தன. சில பயனின்றிப் போயின. இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது. ஒலியை அளந்து பதிவு செய்தல், இரவு நேர வரம்பைக் கோருதல், நிலப்பயன்பாட்டை நெறிப்படுத்துதல் ஆகிய மூன்றும் விமானப் போக்குவரத்து தொடங்குமுன் அல்லது பெருகுமுன் நிகழ்தல் வேண்டும் என்பது இதன் துணிபு. நெய்வேலி வட்டாரத்து ஊரான மந்தாரக்குப்பம் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: இரைச்சல், டெசிபல், விமான நிலையம், மந்தாரக்குப்பம், நெய்வேலி, உடான் திட்டம்

முன்னுரை

அரவம் என்னும் பொருள் தரும் சொற்களைத் தொகுக்கும் தொல்காப்பிய உரியியல், அவற்றுள் ஒன்றான அழுங்கல் என்பதற்கு இரக்கம், கேடு என்னும் பொருள்களும் உண்டு என்கிறது. பேரொலி செவிக்கு இன்பமாதலும் உண்டு, கேடாதலும் உண்டு. எந்த எல்லையில் ஒலி கேடாகிறது என்பதே இரைச்சல் பற்றிய இன்றைய சட்டங்களும் வழக்குகளும் விடை தேடும் வினா.

கடலூர் மாவட்டத்தில் கங்கைகொண்டான் பேரூராட்சிக்கு உட்பட்ட மந்தாரக்குப்பம், நெய்வேலி நகரியத்துக்கு வெளியே சுரங்கத்தையும் இரண்டாம் அனல்மின் நிலையத்தையும் அண்டி வளர்ந்த ஊராகும். 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் (இன்றைய என்எல்சி இந்தியா) தனக்கென ஓர் ஓடுதளத்தையும் வைத்திருக்கிறது. மண்டல விமானப் போக்குவரத்துக்கான உடான் திட்டத்தின் முதல் சுற்றில், 2017இல், நெய்வேலியின் பெயரும் இடம்பெற்றது. அதுமுதல் பயணியர் விமானச் சேவை இவ்வட்டார மக்களின் எதிர்பார்ப்பாக இருந்துவருகிறது. சேவை வேண்டும் என்ற குரல் எழும் அதே வேளையில், அதன் ஒலி யார் கூரைமேல் விழும் என்ற வினாவும் எழுதல் வேண்டும்.

ஒலியளவும் சராசரியும்

ஒலியின் அளவான டெசிபல் மடக்கை முறையில் அமைந்தது. 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பிடுகின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரையாகும். 2018இல் விமான நிலைய இரைச்சல் மண்டலங்களுக்குத் தனி வரம்பு வகுக்கப்பட்டது. போக்குவரத்து மிகுந்த நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65 எனவும், ஏனைய நிலையங்களுக்கு முறையே 65, 60 எனவும் அது அமைந்தது. 45க்கும் 60க்கும் இடையிலான வேறுபாடு 15 டெசிபல். ஆற்றலில் இது ஏறத்தாழ 32 மடங்கு. அதாவது ஒரு வீடு மண்டலக் கோட்டுக்கு எப்பக்கம் அமைகிறது என்பதைப் பொறுத்து, அதற்குரிய இரவு அமைதியின் சட்ட அளவு மாறிவிடுகிறது.

இவ்வரம்புகள் சராசரி அளவுகள் என்பது மேலும் கருதத்தக்கது. ஒரு விமானம் 80 டெசிபல் ஒலியுடன் 30 நொடி கடந்து செல்வதாகக் கொள்வோம். பின்னணி ஒலியை விடுத்து, எட்டு மணிநேர இரவு முழுவதற்கும் பரப்பிக் கணக்கிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 50 டெசிபல். இத்தகைய ஒன்பது விமானங்கள் ஓர் இரவில் சென்றாலும் 60 டெசிபல் வரம்பு மீறப்படாது. உறங்குவோர் ஒன்பது முறை விழித்தெழக்கூடும். கணக்கேட்டில் குறை தோன்றாது. விதிகளின்படி முறையீடு செய்ய, ஒலி வரம்பைவிட 10 டெசிபலேனும் மிகுந்திருத்தல் வேண்டும். ஆகவே, குடியிருப்புப் பகுதிக்கான 45 என்ற வரம்பைக் கொண்டு நோக்கினும், ஒற்றை விமானம் முறையீட்டுக்கு இடம் தருவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வழங்கிய நெறிமுறையில் விமான இரைச்சல் இரவில் 40 டெசிபலுக்குக் கீழ் இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

இரைச்சல் செய்யும் கேட்டுக்கு மியூனிக் நகர ஆய்வு சிறந்த சான்று. 1992இல் அந்நகரின் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரு பகுதிக் குழந்தைகளும் ஆராயப்பட்டனர். பழைய நிலையத்தருகே வாழ்ந்தோரின் நினைவாற்றலும் வாசிப்புத் திறனும் மேம்பட்டன. புதிய நிலையத்தருகே வாழ்ந்தோரிடம் அவை குன்றின. கேடு உண்மையானது, நீங்கக்கூடியதும் ஆகும் என்பதை இவ்வாய்வு ஒருங்கே காட்டியது.

குடியிருப்போர் முயற்சிகள்

இலண்டன் ஹீத்ரோ நிலையத்தருகே வாழ்ந்த எண்மர், இரவு விமானங்கள் தம் இல்வாழ்வுரிமையைக் குலைப்பதாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை நாடினர். 2001இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று. 2003இல் பேரமர்வு அதனை மாற்றி, பொருளாதார நலனையும் உறக்கத்தையும் சீர்தூக்கும் உரிமை அரசுக்கு உண்டு எனக் கூறியது. எனினும் உள்நாட்டில் போதிய தீர்வுவழி இல்லாமை உரிமை மீறலே என அது ஏற்றது.

சிட்னியில் 1994இல் மூன்றாம் ஓடுதளம் திறக்கப்பட்டபின் மக்கள் எதிர்ப்பு வலுத்தது. அடுத்த ஆண்டே இரவு 11 முதல் காலை 6 வரையிலான தடை தனிச் சட்டமாயிற்று. பிராங்பர்ட்டில், புதிய ஓடுதளம் கட்டப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நடந்த சமரசப் பேச்சு, விரிவாக்கத்தோடு இரவுத் தடையையும் இணைத்துப் பரிந்துரைத்தது. பின்னர் அரசு இரவில் சில விமானங்களை அனுமதித்தபோது, 2012இல் லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இரவு 11 முதல் காலை 5 வரையிலான தடையை உறுதி செய்தது.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், இரைச்சலற்ற வாழ்வை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையோடு இணைத்தது. தில்லியில் 2008இல் மூன்றாம் ஓடுதளம் இயங்கத் தொடங்கியபின் வசந்த் குஞ்ச், பிஜ்வாசன் பகுதி மக்களின் குறைகள் நீதிமன்றம் வரை சென்றன. சென்னையிலோ பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் முதலிய பகுதிகள் விமான நிலையத்தைச் சூழ்ந்து அடர்ந்துவிட்டன. வீடுகளும் பள்ளிகளும் எழுந்தபின் ஓடுதளத்தை நகர்த்தல் அரிது. வீடுகளை நகர்த்தல் அதனினும் அரிது.

இச்சான்றுகளை ஒருசேர நோக்கின் ஒன்று புலனாகிறது. பெருத்தபின் எழும் முறையீட்டுக்குப் பொருளாதார நலன் எதிர்வாதமாக நிற்கிறது. முன்கூட்டியே எழுதப்பட்ட நேர வரம்போ பின்னாளில் மக்கள் சார்பில் நிற்கிறது.

மந்தாரக்குப்பத்தின் நிலை

மந்தாரக்குப்பம் ஓடுதளத்தை ஒட்டிய ஊர் அன்று. ஆயினும் விமான ஒலி நிலைய மதிலோடு நிற்பதன்று. விமானம் ஏறும், இறங்கும் பாதையின் கீழ் நீண்டு செல்வது. சுரங்க எந்திரங்களும் மண் கடத்தும் பட்டைகளும் அனல்மின் நிலையமும் இரவு பகலாக இயங்கும் இவ்வூரில் பின்னணி ஒலி ஏற்கெனவே உள்ளது. சிறு விமானங்கள் நாளொன்றுக்குச் சில முறை மட்டும் வந்து செல்லுமாயின் கேடு சிறிதாகவே இருக்கக்கூடும். ஆனால் இன்றைய அளவு பதிவாகாவிடில், நாளை கூடும் ஒலியில் எது சுரங்கத்துடையது, எது விமானத்துடையது எனப் பிரித்தறிய இயலாது. பொறுப்பும் எவரையும் சாராது போகும்.

ஆகவே மூன்று பணிகள் இன்றே இயல்வன. முதலாவது, முதல் பயணியர் விமானம் பறக்குமுன் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகிய இடங்களில் பகலிரவு ஒலியளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழி பதிவு செய்தல். ஒலி மிகும் நேரத்தையும் தடவைகளையும் மக்களும் நாட்குறிப்பில் எழுதி வருதல். இரண்டாவது, இரவுப் பறப்பின்மையைச் சேவை நிபந்தனைகளுள் ஒன்றாகச் சேர்க்கக் கோருதல். மூன்றாவது, பறக்கும் பாதையின் கீழ்ப் புதிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் அமையாதவாறு உள்ளாட்சி அமைப்புகள் நிலப்பயன்பாட்டை வரையறுத்தல். பன்னாட்டுச் சிவில் விமான அமைப்பு 2001இல் ஏற்ற சமநிலை அணுகுமுறையின் நான்கு கூறுகளுள் நிலப்பயன்பாட்டுத் திட்டமிடலும் பறப்புக் கட்டுப்பாடும் இடம்பெறுகின்றன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

விமான நிலைய இரைச்சலைப் பொறுத்தவரை, குறை எத்துணை உரக்கச் சொல்லப்படுகிறது என்பதினும் எப்போது, எந்தச் சான்றோடு சொல்லப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. சராசரி அளவு மட்டும் உறக்கத்தைக் காப்பதில்லை. நேர வரம்பும் தடவைக் கணக்கும் அதனோடு சேரவேண்டும். பெருநகரங்கள் காலம் கடந்தபின் கேட்டவற்றை மந்தாரக்குப்பம் காலத்தே கேட்கமுடியும். சுரங்கத்தில் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளரும், இரவில் உறங்கும் குழந்தைகளும் ஒருங்கே வாழும் ஊர் அது. இவ்விரு உறக்கங்களையும் கணக்கில் கொள்ளும் அளவீடே அவ்வூருக்குப் பொருந்துவதாகும்.